கையாள், வாயாள், ஒரு சதுரத் துணி

ஜப்பானிய நடுநிலைப் பள்ளியில் ஒரு பாடவேளை 50 நிமிடம். ஆங்கிலம் என்றால் அதில் பாதி நேரம் பிள்ளைகள் மேசையைத்தான் பார்ப்பார்கள். அவர்களைப் பேச வைக்க நான் எடுத்துப்போவது ஃபுரோஷிகி: பெட்டி, புட்டி, தர்பூசணி எதையும் மூட்டை கட்டும் சதுரத் துணி.

இருவருக்கு ஒன்று வேண்டும். 70 சென்டிமீட்டர் சதுரம், மெல்லிய பருத்தி. விலை மலிவு என்று வழவழப்பான பாலியஸ்டரை வாங்கி நான் பட்டது போதும்; முடிச்சு நிற்காது.

ஒருவர் கையாள், மற்றவர் வாயாள். வாயாள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, துணியை என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கையாள் காதில் விழுந்ததை மட்டும் செய்ய வேண்டும், ஊகிக்கக் கூடாது. முதல் கையாள் ஆசிரியரான நீங்களே ஆகுங்கள். ஒரு பையன் என்னிடம் 'ஓவர்' என்று மட்டும் சொன்னான். எதன்மேல் என்று சொல்லவில்லையே, துணியைத் தலையில் போர்த்திக்கொண்டேன். வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து வந்தது: 'நோ! அண்டர் தி பாக்ஸ்!' அதுவரை அந்தப் பெண்ணின் குரலையே நான் கேட்டதில்லை.

அவர்கள் எங்கே தடுக்குவார்கள் என்பது தமிழருக்குச் சுலபமாகத் தெரியும். 'நுனோ ஓ ட்சுகுஏ நோ உஏ நி ஒய்தே குதசாய்': துணியை மேசையின் மேல் வையுங்கள். சொல்லுக்குச் சொல் நம் வரிசைதான்; வினை கடைசியில். ஆங்கிலத்தில் 'புட்' முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே புட், ஃபோல்ட், டை, டர்ன் என்ற நான்கு வினைகளை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். இலக்கண விளக்கம் வேண்டாம்.

இனி பை. உள்பக்கம் வெளியே தெரிய முக்கோணமாக மடியுங்கள். நீண்ட ஓரத்தின் இரு கோடிகளிலும் தனித்தனியே ஒற்றை முடிச்சு. முடிச்சுகள் உள்ளே போகும்படி புரட்டுங்கள். மிச்சமுள்ள இரு நுனிகளைச் சேர்த்துக் கட்டினால் கைப்பிடி.

இந்தக் கடைசி முடிச்சின் பெயர் மமுசுபி. பாட்டுப் போலச் சொல்ல வையுங்கள்: 'ரைட் ஓவர் லெஃப்ட், லெஃப்ட் ஓவர் ரைட்.' முதலில் மேலே போன நுனியே இரண்டாம் முறையும் மேலே போக வேண்டும். நுனிகள் இரண்டும் பக்கவாட்டில் படுத்திருந்தால் சரி. ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றால் தப்பு. சுமை ஏறியதும் நழுவிவிடும். வாயாளின் தப்பு கையாளின் கையில் தெரிந்துவிடுவதால் சிவப்பு மைக்கு வேலையே இல்லை.

அவிழ்க்க நகத்தால் கிள்ள வேண்டியதில்லை. ஒரு நுனியையும் அதே பக்கத்துத் துணியையும் பிடித்து எதிரெதிராக நேராக இழுங்கள். மற்ற பக்கம் அதன்மேல் வெறும் வளையமாகிவிடும், உருவிவிடலாம். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், எல்லோரும் இரண்டு முறை செய்து பார்ப்பார்கள்.

மணி அடிக்கும் முன் துணிகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு எப்போதும் ஒன்று குறைகிறது. சாப்பாட்டு டப்பாவைச் சுற்றிக்கொண்டு அது ஏதோ ஒரு பைக்குள் போயிருக்கும்.