போனில் பேசும்போது திக்கல்: எனக்கு உதவியது

எனக்குத் திக்கல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லை. தனியாக வாய்விட்டுப் படித்தால் தடங்கலே இருக்காது. பாடினாலும், நாலு பேரோடு சேர்ந்து ஒரே குரலில் சொன்னாலும் அப்படித்தான். அக்கா குழந்தையிடம் மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் நெரிசலான பஸ்ஸில் கண்டக்டர் அவசரப்படுத்தினால் 'தாம்பரம்' என்பதில் 'தா'விலேயே நின்றுவிடுவேன். என் பெயரைச் சொல்வது அதைவிடக் கஷ்டம். வேறு வார்த்தை போட்டுத் தப்பிக்க வழியில்லையே! திக்குபவர்கள் பலருக்கும் இப்படித்தான் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபோது பெரிய நிம்மதி.

எனக்கு மிகவும் மோசமானது போன்தான். முகம் தெரியாது, நான் சத்தமில்லாமல் தடுமாறினால் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார்கள். அதனால் எடுத்தவுடனே, "எனக்குக் கொஞ்சம் திக்கும், வைத்துவிடாதீர்கள்" என்று சொல்ல ஆரம்பித்தேன். மறைக்க வேண்டிய வேலை போனதும் தொண்டையின் இறுக்கம் நன்றாகத் தளர்ந்தது. அப்புறம், சரளமாக வரும் சொல்லிலும் வேண்டுமென்றே லேசாகத் திக்கிப் பார்க்கும் பயிற்சி. கேட்க விசித்திரமாக இருக்கும். திக்கிவிடுவோமோ என்ற பயத்தைக் குறைக்கத்தான் அது. முதலில் அக்காவிடம், பிறகு மளிகைக் கடையில், கடைசியாக டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கேட்கும் போனில்.

திக்கல் போய்விடவில்லை. தூக்கம் கெட்ட நாளில் அதிகமாகத்தான் வருகிறது. ஆனால் போன் அடித்தால் நானே எடுக்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "மெதுவா பேசு" என்று சொல்லாதீர்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். சொல்லி முடிக்கும்வரை முகம் பார்த்துக் கேளுங்கள்.