சோழர் கால நாவலை மேடையேற்ற உடை தைப்பது எப்படி?

நாவலை உடைக்காகவே ஒருமுறை படியுங்கள். காட்சி, பாத்திரம், உடை, மாற்றக் கிடைக்கும் நேரம் என நான்கு கட்டம் போட்டுக் குறியுங்கள். மாதிரிக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் போதும். காலண்டர் படங்களை நம்ப வேண்டாம்.

பருத்தியே எடுங்கள். பாலியெஸ்டர் விளக்கொளியில் பளபளக்கும், வியர்வையை உறிஞ்சாது. நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுங்கள், இல்லையேல் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். வெள்ளை வெளேரென்ற வேட்டி முகத்தை மங்கடிக்கும். தேயிலைச் சாற்றில் முக்கிப் பழுப்பேற்றுங்கள்.

வாள் சண்டையில் பஞ்சகச்சம் அவிழ்வதுதான் பெரிய ஆபத்து. மடிப்புகளை 5 செ.மீ. இடுப்புப்பட்டியோடு சேர்த்துத் தைத்து, பின்னால் இரண்டு பெரிய கொக்கி வையுங்கள். வெல்க்ரோ வசதிதான், ஆனால் பிரிக்கும்போது எழும் ‘பர்ர்’ சத்தம் மைக்கில் கேட்கும். முழு உடையில், படியேறி, மண்டியிட்டு, வாள் வீசி ஒத்திகை பாருங்கள். அப்போதுதான் எந்தத் தையல் விடும் என்று தெரியும்.