எடை குறைந்தது சரி, குறைந்தது எது? இதயச் செயலிழப்பு உள்ள முதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் எடைக் கருவி இரண்டு கிலோ குறைத்துக் காட்டினால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இதயச் செயலிழப்போடு உடல் பருமனும் உள்ள முதியவர் என்றால் முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும்: குறைந்தது நீரா, கொழுப்பா, தசையா? இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் நீர். இதயம் தேவையான அளவு இரத்தத்தைச் செலுத்தத் திணறும்போது உடல் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்கிறது. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேலோ எடை ஏறினால் அது பெரும்பாலும் நீர்தான். கொழுப்பு அவ்வளவு வேகமாகச் சேராது. "நேற்று கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டேன், இன்று பட்டினி இருந்தால் இறங்கிவிடும்" என்று இருந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பருத்த காலில் வீக்கம் எளிதில் கண்ணுக்குப் படாது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்துத் தேதியோடு எழுதிவையுங்கள்.

மூச்சு வாங்குவதை வயதின் மீதும் பருமனின் மீதும் போட்டுவிடுவது இன்னொரு தவறு. ஒரு தலையணையில் படுத்தவருக்கு மூச்சு வாங்காமல் படுக்க இப்போது மூன்று தேவைப்படுகிறது என்றால் அது வயது செய்த வேலை அல்ல.

"இதயம் பலவீனமாக இருக்கிறது, அசையாமல் இருங்கள்" என்று அன்போடு சொல்லப்படும் அறிவுரைதான், என் பார்வையில், மிகப் பெரிய கேடு. இதயம் நன்றாகச் சுருங்கினாலும் விறைத்துப்போய்ச் சரிவர விரியாத வகைச் செயலிழப்பு ஒன்று உண்டு. பருமனான முதியவர்களிடம் அதிகம் காணப்படுவது அதுதான். அப்படிப்பட்ட, நிலைமை சீராக இருந்த 100 பேரிடம் அமெரிக்காவில் 20 வாரங்கள் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. உணவில் கலோரியைக் குறைத்தவர்களுக்கும் உடல் உழைப்புத் திறன் கூடியது, கண்காணிப்பில் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கும் கூடியது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு கூடியது. எடையும் 10 சதவீதம் அளவுக்கு இறங்கியது.

அதே ஆய்வில் கொழுப்போடு தசையும் ஓரளவு கரைந்தது. முதுமையில் போன தசையை மீட்பது கடினம். அதனால்தான் பட்டினியும் ஒரே வேளை உணவும் இவர்களுக்கு ஆகாது. கலோரியைக் குறைக்கும்போதும் புரதம் குறையக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். போன மாதம் எழுந்தவர் இந்த மாதம் ஊன்றித்தான் எழுகிறார் என்றால், கருவி எதைக் காட்டினாலும் அது நல்ல எடைக்குறைப்பு அல்ல. எழுந்து உட்கார்வதே நல்ல தசைப் பயிற்சிதான். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது.

நாடித்துடிப்பை வைத்துப் பயிற்சியின் வேகத்தை அளப்பதும் பலருக்குப் பொருந்தாது. இதய நோய்க்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை துடிப்பைக் கட்டுப்படுத்திவிடும். நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிகிறதா? அந்த வேகம் போதும். ஓய்விலேயே மூச்சு வாங்கும் நாளில் பயிற்சியே வேண்டாம்.

உப்பில் இரு முனையிலும் தவறு நடக்கிறது. ஊறுகாயும் பொட்டலத் தின்பண்டமும் கணக்கில் வருவதே இல்லை. மறுபக்கம், உப்பை அறவே நீக்கியதால் சாப்பாடே இறங்காமல் மெலிந்துபோகிறவர்களும் உண்டு. உப்பில் உள்ள சோடியத்தை நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர முயன்ற, 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ தெளிவாகக் குறையவில்லை. உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் உப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளோடு சேரும்போது இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பையே தடுமாறவைக்கும்.

நடக்கத் தொடங்கியதும் முழங்கால் வலிக்கும். உடனே ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் என்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். மறுநாள் எடை ஏறும், கால் வீங்கும், பழி நடைப்பயிற்சியின் மீது விழும். வலிக்கு எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை நாற்காலியில் அமர்ந்தபடி காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கலாம்.