ஜர்னலிசம் படிக்கிறவங்களுக்கு காசிமேட்டுல ஒரு பயிற்சி

பி.ஏ. ஜர்னலிசம் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்திருக்கிற நம்ம ஏரியா பசங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். யாரு, என்ன, எங்க, எப்போ, ஏன், எப்படின்னு நோட்ஸ மனப்பாடம் பண்றத விட ஒரு நாள் விடியகாலைல சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிடுங்க. மீன் ஏலத்துல ஓரமா நின்னு ஒரு கூடை வஞ்சரம் எவ்ளோல ஆரம்பிச்சு எவ்ளோக்கு முடிஞ்சுது, யாரு எடுத்தாங்கன்னு சின்ன நோட்டுல குறிச்சிக்கோங்க (போன் வேணாம், ஈரத்துல வழுக்கி என் டிஸ்ப்ளேயே போச்சு). விலை ஏறியிருந்தா ஏன்னு கேளுங்க, வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை, அந்த டைம்ல பெரிய மீன் வரத்து கம்மி, மேட்டரே அதுதான். பேசுன அக்காவோட பேரு, இனிஷியல் ரெண்டு தடவ கேட்டுக்கோங்க, தப்பா அச்சாச்சுன்னா அப்புறம் திருத்தம்தான் போடணும்.

வீட்டுக்கு வந்து 150 வார்த்தைல எழுதுங்க. விலை ஏறுன விஷயம் முதல் வரியிலயே வந்துடணும், கடல் காத்து வீசுச்சுன்னு ஆரம்பிச்சா வேலைக்கு ஆகாது. முடிச்சதும் கடைசி பாராவ கைய வெச்சு மறைச்சிட்டுப் படிங்க, அப்பவும் நியூஸ் நிக்குதுன்னா கரெக்ட்டு, ஏன்னா கடைசி நேரத்துல விளம்பரம் வந்து இடம் பத்தலன்னா சப் எடிட்டர் (நியூஸ திருத்தி பக்கத்துல சேர்க்கறவரு) கீழ இருந்துதான் வெட்டுவாரு.