ஏராவில் துரு: பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இரும்பு விசைப்படகைக் கரையேற்றி, அடியில் முதுகெலும்புபோல நீளவாக்கில் ஓடும் ஏராவை (keel) நிதானமாகப் பார்க்க நமக்குக் கிடைப்பது அந்த 61 நாள்தான். எபாக்ஸி (ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் பெயின்ட்) அடித்து ஆறே மாதத்தில் ஏராவில் கொப்புளம் கிளம்பினால் எல்லோரும் பெயின்ட்டைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குறை பெயின்ட்டில் இல்லை.

முதல் எதிரி உப்பு. கொட்டலசைச் (தகட்டில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிர்) சுரண்டிய கையோடு கிரைண்டரில் கம்பி பிரஷை மாட்டித் தேய்க்கிறார்கள். தகடு பளபளக்கும்; அதில் பாதி, துருவே மெருகேறியதுதான். கத்தி முனையால் ஒரு குழியைக் கிளறிப் பாருங்கள், காப்பிப்பொடி மாதிரி உதிரும். அந்தக் குழிக்குள் உப்பும் இருக்கும். பெயின்ட்டுக்கு அடியில் மாட்டிய உப்பு, வெளியே இருக்கிற தண்ணீரைப் படலத்தின் வழியாகவே உள்ளே இழுக்கும். கொப்புளம் அப்படித்தான் வருகிறது. ஆகவே எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, காய்ந்தபிறகு பிளாஸ்டிங் (துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் துருவை நீக்குவது) செய்யுங்கள். குழிகளில் கருப்பு தெரிந்தால் மறுபடி கழுவி, மறுபடி பிளாஸ்டிங். அலுப்பான வேலைதான், ஆனால் செலவை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

பிளாஸ்டிங் முடிந்த தகட்டைக் கடற்காற்றில் இரவு முழுக்க விட்டால் காலையில் பழுப்பேறியிருக்கும். அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். வெயிலுக்குப் பயந்து விடியற்காலையில் அடிப்பதும் தவறு: ஏராவில் உள்ளங்கையை வைத்தால் பனி ஒட்டும். தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கை வைக்க முடியாத மே மாத நண்பகலும் ஆகாது, தின்னர் சட்டென்று பறந்து ஊசித்துளை விழும். ஹார்டனரைக் கண்மதிப்பில் ஊற்றாமல் அளந்து கலக்குங்கள்.

கூர்மையான விளிம்பில் பெயின்ட் நிற்காது, விலகி மெலிந்துவிடும். ஏராவின் கீழ் விளிம்பைக் கிரைண்டரால் மழுக்கி, விளிம்புக்கும் வெல்டிங் தையலுக்கும் பிரஷால் தனியாக ஒரு கோட் கொடுத்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள்.

செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட் வெறும் இரும்பைத் தொடவே கூடாது, தொட்டால் செம்பே இரும்பை அரிக்கவைக்கும். நடுவில் எபாக்ஸி முழுதாக இருக்க வேண்டும். படகின் அடியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் மேல் ஒரு சொட்டுப் பெயின்ட்கூட படக்கூடாது. இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதே அவற்றின் வேலை. பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏரா உட்கார்ந்திருக்கும் கட்டைகளின் கதை. சுற்றிலும் மூன்று கோட் அடித்திருப்பார்கள். கட்டைக்கு மேலே மட்டும் பழைய துரு அப்படியே இருக்கும். படகை இறக்குகிற அன்று அவசரமாக ஒரு தடவல். அடுத்த வருடம் துரு சரியாகக் கட்டை அகலத்துக்கு வரிவரியாகத் தெரியும். இறக்குவதற்கு ஒரு வாரத்துக்கு மேலேயே இருக்கும்போது கட்டைகளை இடம் மாற்றி, அந்த இடங்களுக்கும் பிளாஸ்டிங் முதல் கடைசி கோட் வரை எல்லாம் செய்து, நன்றாக இறுக விடுங்கள்.