ஐஸ் ஹாக்கியில் ‘மேலுடல் காயம்’: அணிகள் சொல்வதை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையின் 2013 இறுதித் தொடரில், ஐந்தாவது ஆட்டத்தில் பாஸ்டன் புரூயின்ஸின் பட்ரிஸ் பெர்ஜரான் பாதியிலேயே வெளியேறி மருத்துவமனைக்குப் போனார். என்ன காயம் என்று கேட்டவர்களுக்குப் பயிற்சியாளர் கிளோட் ஜூலியன் சொன்ன பதில், ‘உடம்பில் காயம்’. ஆறாவது ஆட்டத்தில் பெர்ஜரான் களமிறங்கினார், அணி தோற்றது, அதன் பிறகுதான் முழு விவரம் வெளிவந்தது: விலா எலும்பு முறிவு, விலாக் குருத்தெலும்புக் கிழிசல், தோள்மூட்டு விலகல், நுரையீரலில் சிறு துளை.

ஜூலியன் சொன்னது பொய்யில்லை. வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் விதிப்படி, ஒரு வீரர் ஆடமாட்டார் அல்லது ஆட்டத்துக்குத் திரும்பமாட்டார் என்றால் அணி அதைத் தெரிவிக்க வேண்டும். காயம் என்னவென்று விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் தவறான தகவல் தரக்கூடாது. அதனால் ‘எல்லாம் பொய்’ என்று ஒதுக்குவதும் தவறு, ‘அணியே சொல்லிவிட்டது’ என்று அப்படியே ஏற்பதும் தவறு.

அடிக்கடி நடக்கும் பிழை, அணிகள் வழக்கமாகச் சொல்லும் ‘மேலுடல் காயம்’ என்பதை நோயறிதல் போல எடுத்துக்கொள்வது. இடுப்புக்கு மேலே இருக்கும் எல்லாமே அதில் அடங்கும்: விரல், மணிக்கட்டு, தோள், விலா, கழுத்து, தலை. ‘கீழுடல்’ என்றால் பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) பட்டுக் கன்றிப்போன கணுக்கால் முதல் கிழிந்த முழங்கால் தசைநார் வரை எதுவாகவும் இருக்கலாம். மறைப்பதற்குக் காரணம் உண்டு. மோதுவதற்கு அனுமதி உள்ள விளையாட்டு இது. இடது மணிக்கட்டில் வலி என்று தெரிந்தால் எதிரணியின் மட்டை அங்கேதான் விழும். மணிக்கட்டுக்கும் விலாவுக்கும் இந்த நியாயத்தை ஏற்கலாம். தலைக்கு ஏற்க முடியாது. சுண்டுவிரல் சுளுக்குக்கும் மூளை அதிர்வுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஆட்டம் பார்க்கும் சிறுவர்கள் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று கற்றுக்கொள்கிறார்கள். தலைக் காயம் என்றால் அதைப் பெயர் சொல்லியே அறிவிக்க வேண்டும்.

அடுத்தது கால அளவு. ‘டே டு டே’ என்றால் இரண்டொரு நாளில் வந்துவிடுவார் என்று பொருளல்ல; தினமும் பார்த்து முடிவு செய்வோம் என்பதுதான் பொருள். ‘வீக் டு வீக்’ என்றால் இந்த வாரம் எதிர்பார்க்காதீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அணி மனதாரச் சொல்லும் கணக்குகூடப் பொய்த்துப்போகும். சிட்னி கிராஸ்பிக்கு 2011 ஜனவரி 1 அன்றும் 5 அன்றும் அடுத்தடுத்துத் தலையில் அடி. லேசான மூளை அதிர்வு, ஒரு வாரம் போல ஓய்வு என்று பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் வெளிப்படையாகவே அறிவித்தது. அவர் மறுபடி ஆடியது நவம்பர் 21 அன்று. எட்டு ஆட்டங்கள் முடிந்ததும் அறிகுறிகள் திரும்பின. 2012 ஜனவரியில் கழுத்தின் மென்திசுக்களிலும் காயம் இருப்பது தெரிந்தது. மார்ச்சில்தான் மீண்டும் வந்தார்.

வாய்ச்சொல்லைவிடப் பதிவேட்டை நம்புங்கள். காயப் பட்டியலில் பெயர் ஏறினால் குறைந்தது 7 நாள் ஆட முடியாது. அந்த நாட்களைக் காயம்பட்ட தேதியிலிருந்தே எண்ணலாம் என்பதால், அறிவிப்பு வரும்போதே அவற்றில் பாதி கழிந்திருக்கக்கூடும். இதைக் கவனிக்காமல் ஏமாறுபவர்கள் அதிகம். நீண்டகாலக் காயப் பட்டியல் என்றால் குறைந்தது 10 ஆட்டமும் 24 நாளும், இரண்டுமே கழிய வேண்டும். ‘டே டு டே’ என்று சொல்லிக்கொண்டே அணி தன் கீழ்நிலை ஏ.எச்.எல். அணியிலிருந்து ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை வரவழைத்தால், அந்த வரவழைப்பை நம்புங்கள்.

ஆட்ட நாளின் காலைப் பயிற்சியைப் பார்க்காமல் விடுவதும் தவறுதான். பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட நிறத்தில் சட்டை அணிந்திருப்பவரை யாரும் மோதக்கூடாது. அவர் பனியில் சறுக்கினாலும் அன்றிரவு ஆடுவார் என்று நினைக்காதீர்கள். சேர்ந்து களமிறங்கும் வழக்கமான மூவர் கூட்டணியில், காயம்பட்டவர் இடத்தில் வேறொருவர் நிற்கிறாரா? எல்லோரும் உள்ளே போன பிறகும் கூடுதலாகப் பயிற்சி செய்பவர்கள் பெரும்பாலும் அன்று ஆடாதவர்கள். கோல்காப்பாளரில் முதலில் வெளியேறுபவர் பொதுவாக அன்று தொடங்குபவர். கடைசியாக, ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு நடக்கும் ஆயத்தம். அணிக்கு 18 ஆட்டக்காரர்கள், 2 கோல்காப்பாளர்கள். அங்கே கோல்காப்பாளர்களைத் தவிர்த்துப் பத்தொன்பதாவது ஆள் சறுக்கினால் யாரோ ஒருவருடைய நிலை இன்னும் முடிவாகவில்லை. ஒரு எச்சரிக்கை: ‘பராமரிப்பு நாள்’ என்று மூத்த வீரருக்கு விடுப்பு தருவது சாதாரணம், அதைக் கண்டு பதற வேண்டாம்.

சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு, இந்த விஷயத்தில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. தாம்பா பே லைட்னிங்கின் நிகிதா குச்செரோவ் 2020 டிசம்பரில் இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 56 ஆட்டங்கள் கொண்ட அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் வந்து, மொத்தம் 32 புள்ளிகள் (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்தார். அணி கோப்பையை வென்றது. நீண்டகாலக் காயப் பட்டியலில் வீரர் இருக்கும்போது வரம்பைத் தாண்டக் கிடைக்கும் சலுகையைப் பயன்படுத்தி, பிளேஆஃபில் அந்த அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைவிட ஏறத்தாழ 1.8 கோடி டாலர் கூடுதலாக இருந்தது. அப்போது பிளேஆஃபுக்கு வரம்பே கிடையாது. உடனே ‘போலிக் காயம்’ என்று கூச்சல். அறுவை சிகிச்சை உண்மை. கேட்கத்தக்க கேள்வி, அவர் எந்த நாளில் தயாரானார் என்பது மட்டுமே. 2025–26 முதல் பிளேஆஃபில் களமிறங்கும் அணியும் வரம்புக்குள் இருந்தாக வேண்டும். பழைய சந்தேகத்தை இனி அப்படியே பொருத்தாதீர்கள்.

நோய் என்று வரும்போது கூடுதல் நிதானம் தேவை. 2014 டிசம்பரில் லீக்கின் பல அணிகளில் பொன்னுக்கு வீங்கி பரவிக்கொண்டிருந்தது. ஈழத்தில் கூகைக்கட்டு என்பார்களே, அதுதான். டிசம்பர் 12 அன்று கிராஸ்பி நிருபர்கள் முன் வந்து நின்றபோது அவர் முகத்தின் வலப்பக்கம் தாடையோரம் கண்ணுக்குத் தெரியும்படி வீங்கியிருந்தது. பரிசோதனையில் நோய் இல்லை, உமிழ்நீர்ச் சுரப்பிக் காயமாக இருக்கலாம் என்பதுதான் அணியின் அப்போதைய விளக்கம். இரண்டு நாள் கழித்து நோய் உறுதியானது. அதே ஆண்டில் ஊக்கத் தடுப்பூசி போட்டவர் அவர். அணி மறைத்தது என்பதைவிட, முதல் பரிசோதனை முடிவை எல்லோரும் இறுதி என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதே பொருந்தும். தொற்று நோயில் முதல் ‘இல்லை’க்குப் பிறகும் ஓரிரு நாள் காத்திருங்கள்.

ஒரு வீரரின் நோயை நாமே கண்டுபிடிக்க முனைவது வேறொரு தவறு. சிகாகோ அணித்தலைவர் ஜோனத்தன் டேவ்ஸ் 2020 டிசம்பரில் உடல்நிலை சரியில்லை என்று மட்டும் அறிவித்து விலகினார். நாள்பட்ட நோயெதிர்ப்புக் கோளாறு என்று 2021 ஜூனில் அவரே சொன்னார். அந்த ஆறு மாத மௌனம் அவருடைய உரிமை. ஆட்டத்துக்கு இருக்கிறாரா இல்லையா என்பதைத் தாண்டி அங்கே ரசிகருக்கு வேலை இல்லை.

பருவம் முடிந்ததும் அணிகள் தாமாகவே வாய் திறக்கும் நாள் வரும். 2022 பிளேஆஃபில் எட்மன்டனின் லியோன் டிரைசைட்டில் கணுக்கால் தசைநார்க் காயத்தோடு கால்கரிக்கு எதிராக 5 ஆட்டங்களில் 17 புள்ளிகள் எடுத்தது, 2023 இறுதித் தொடரில் புளோரிடாவின் மாத்யூ காச்சக் மார்பெலும்பு முறிவோடு ஒரு ஆட்டம் ஆடியது, இவற்றின் முழு விவரம் இப்படித்தான் தெரிய வந்தது. காச்சக்கிற்கு உடை மாட்டிக்கொள்ளவே மற்றவர் உதவி தேவைப்பட்டது. இந்தத் துணிவை மதிக்கலாம். ஆனால் இது பள்ளிப் பிள்ளைகள் பின்பற்றும் அளவுகோலாகிவிடக்கூடாது.

அணியும் வீரரும் முரண்படும் நேரத்தில் வீரர் பேசுவதைத் தவறவிடாதீர்கள். பஃபலோவின் ஜாக் ஐக்கலுக்குக் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருந்தது. செயற்கை வட்டு வைக்க வேண்டும் என்றார் அவர், அணி மறுத்தது. எந்தச் சிகிச்சை என்பதில் இறுதிச் சொல் அணியுடையது என்பது அன்றைய ஒப்பந்தம். 2021 மே மாதம் அவர் நிருபர்களிடம் நேரடியாகப் பேசிய பிறகுதான் பிரச்சினையின் ஆழம் வெளியே தெரிந்தது. அந்த நவம்பரில் வேகாஸ் அணிக்கு மாற்றப்பட்டு, அதே மாதம் தான் கேட்ட அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டு, 2022 பிப்ரவரியில் மறுபடி ஆடினார்.