இலையுதிர்காலத்து வகுப்பறை: புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம், என் வகுப்பில் பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் மாலை நாலரை மணிவரை இருந்து, செம்மஞ்சள் காகிதத்தில் சிறு சிறு பூசணிகளை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிள்ளைகள் 22 பேரின் பெயர்களும் எழுதிய நீளமான அட்டை கிடந்தது. இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் உணவு வங்கிக்காக நடக்கும் நன்றியறிதல் நாள் சேகரிப்பில் யார் எத்தனை உணவு ரின் கொண்டுவருகிறார்களோ, அத்தனை பூசணிகளை அவரவர் பெயருக்கு எதிரே ஒட்டுவது அவருடைய திட்டம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில் அதே அட்டையை நானும் செய்தேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. குளிர் அங்கி இல்லாமல் பிள்ளையை வெளியே விடக் கூடாது என்பது போன்றவற்றை எவரும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்வர் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இலை பொறுக்கப் போகும்போது

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் காட்டோரங்களில் பொய்சன் ஐவி என்னும் நச்சுக்கொடி இலையுதிர்காலத்தில் அழகிய சிவப்பாக மாறும். பிள்ளையின் கை முதலில் போவதும் அதனிடமே. மூன்று மூன்றாக நிற்கும் இலைகளைத் தொடக் கூடாது என்று புறப்படுமுன் படம் காட்டிச் சொல்லிவிடுங்கள். உதிர்ந்து காய்ந்த பின்னும் அதன் எண்ணெய் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

"குளிர் வந்ததும் இலை மஞ்சளாக மாறுகிறது" என்று பலர் கற்பிக்கிறார்கள். மஞ்சள் கோடை முழுவதும் இலைக்குள் இருந்ததுதான். பச்சையம் சிதைந்ததும் அது வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டுமே பெரும்பாலும் அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாகிறது. பச்சை இலையை நசுக்கி, மருந்துக்கடை அல்கஹோலில் ஊறவைத்து, கோப்பி வடிதாளின் ஒரு நுனியை அதில் நனையவிட்டால், பச்சைக்கு மேலே மெல்லிய மஞ்சள் கோடொன்று ஏறி நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்த பிள்ளைக்கு நான் வேறெதையும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

செம்மஞ்சள் சட்டை

செம்மஞ்சள் சட்டை நாளான செப்ரெம்பர் 30, நிறம் அணிந்து மகிழும் நாள் அல்ல. 1973இல், ஆறு வயதில், பாட்டி வாங்கித் தந்த புதுச் செம்மஞ்சள் சட்டையை, பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சேர்த்த வதிவிடப் பாடசாலையின் முதல் நாளிலேயே பறிகொடுத்த பிலிஸ் வெப்ஸ்ராட்டின் கதையைச் சொல்லாமல் அந்தச் சட்டையை அணிவிக்காதீர்கள்.

ரின்களை எண்ணுவது

என் மூன்றாவது ஆண்டில் மூன்றாந்தர வகுப்பைக் கற்பித்தேன். ஒக்ரோபர் இரண்டாவது திங்களன்று நன்றியறிதல் நாள்; அதற்கு முந்திய வாரம் முழுவதும் சேகரிப்பு. அதிக ரின் சேர்க்கும் வகுப்புக்கு பீற்சா என்று அறிவித்திருந்தார்கள். பிள்ளைகளின் உற்சாகத்தைக் கண்டு, அந்த எண்ணிக்கையையே கணிதப் பாடமாக்கிச் சலாகை வரைபும் வரையச் செய்தேன். அதிகம் பேசாத ஒரு சிறுவன் நாள்தோறும் இரண்டு ரின்களைக் கொண்டுவந்தான். கடலை ரின், பட்டாணி ரின். எல்லாவற்றிலும் பட்டைக்குறியின் குறுக்கே தடித்த கறுப்பு மையால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அந்தக் கோட்டை நான் பார்த்தேன். ஏனென்று யோசிக்காமல், வியாழக்கிழமை எட்டாவது பூசணியை அவன் கையிலேயே கொடுத்து ஒட்டச் செய்து, வகுப்பைக் கைதட்டவும் சொன்னேன்.

நவம்பரில் பெற்றோர் சந்திப்புக்கு அவனுடைய தாய் வந்தார். எழும்பிப் போகும்போது, கதவருகே நின்று, "ரீச்சர், இனி ரின் கேட்டு எழுதி அனுப்பாதேங்கோ. நாங்களே அங்கைதான் போய் எடுக்கிறனாங்கள்" என்றார். உணவு வங்கி கறுப்புக் கோடிட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்ததைச் சிறுவன் அலுமாரியிலிருந்து தாய்க்குத் தெரியாமல் எடுத்து, என் அட்டையில் தன் பெயர் வெறுமையாக நிற்கக் கூடாது என்பதற்காக, என்னிடம் கொண்டுவந்திருக்கிறான்.

அந்த அட்டையை நான் கிழித்து இத்தனை ஆண்டுகளான பிறகும், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் எங்கோ ஒரு வகுப்பில் அது மீண்டும் தொங்குவதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் பெயருக்கு எதிரே நிற்கும் எண் அந்தப் பிள்ளையின் ஈகையைக் காட்டுவதில்லை, பெற்றோரின் பணப்பையைத்தான் காட்டுகிறது. அதைச் சுவரில் ஒட்டும் உரிமை ஆசிரியருக்குக் கிடையாது. புற்றுநோயால் ஒரு காலை இழந்த பின், அந்நோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்க 1980இல் 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடிய ரெறி பொக்ஸின் நினைவாகச் செப்ரெம்பரில் எல்லாப் பிள்ளைகளையும் ஓடவிடுகிறோம். அந்த ஓட்டத்தில் முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. அதே பிள்ளைகளை இரண்டு வாரங்களில் பசியின் பெயரால் போட்டிக்கு நிறுத்துகிறோம்.

சேகரிப்பையே நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. யார் போட்டார் என்று எவருக்கும் தெரியாதபடி பெட்டியை நுழைவாயிலருகே வையுங்கள். எண்ண வேண்டுமானால் முழுப் பாடசாலைக்கும் ஒரே கூட்டுத்தொகையாக எண்ணுங்கள். திகதி பார்ப்பது, வகை பிரிப்பது, பெட்டிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது, வண்டியில் ஏற்றுவது ஆகிய வேலைகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வீட்டிலிருந்து ஒன்றும் கொண்டுவராத பிள்ளையும் அங்கே முழுப் பங்காளி. பணமாகக் கிடைத்தால் உணவு வங்கிகள் தமக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் என்பதையும் பெற்றோருக்குத் தெரிவிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் "விரும்பினால் மட்டும்" என்று எழுதி, அருகிலுள்ள உணவு வங்கியின் முகவரியையும் நேரத்தையும் அதே பக்கத்தில் சேருங்கள். கொடுப்பவரும் பெறுபவரும் அந்த ஒரே கடிதத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

பூசணி வெட்டிய ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர், பெயர்கள் எழுதிய அட்டையை மடித்து வைத்துவிட்டு, பூசணிகளைச் சேகரிப்புப் பெட்டியைச் சுற்றி ஒட்டினார்.

தீபாவளிப் பலகாரம்

முந்திரி, நிலக்கடலை வேண்டாம். கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைக் காக்க ஒன்ராறியோவில் சப்ரினா சட்டம் 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிபரிடம் கேட்காமல் எந்த உணவும் வகுப்புக்குள் வரக் கூடாது.

ஹலோவீன்

வேட உடை அணியாமல் வரும் பிள்ளையை ஏனென்று கேட்காதீர்கள்.

பெற்றோர் சந்திப்பு

நவம்பர் முன்னேற்ற அறிக்கையைப் பேச வரும் தாய்க்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், அருகில் நிற்கும் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது எளிது. தன் வாசிப்பு பின்தங்கியிருக்கிறது என்பதைத் தானே தாய்க்குச் சொல்ல வேண்டிய நிலைக்கு அந்தப் பிள்ளையைத் தள்ளுகிறோம். சில பிள்ளைகள் அதை மாற்றிச் சொல்லிவிடுவதும் உண்டு, அவர்களைக் குறைகூற முடியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற கேள்வியை ஒக்ரோபர் நடுவில் அனுப்பும் படிவத்திலேயே சேருங்கள். சந்திப்புக்கு முதல் நாள் தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார்.